விருந்து முடிந்த பிறகு

வணக்கம்.

கார்த்திகைக் கடைசியில் அம்மா வீட்டுக்குப் போய், தைப்பூசம் முடிந்து திரும்பியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். மொத்தக் கட்டுரையிலும் ஒரு சம்பவம்கூட இல்லை. வெந்நீர், கோலம், கிழங்கு, தொலைக்காட்சித் தொடர், தூக்கம். இதையே ஆனந்தமாக எழுதியிருந்தீர்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. கொஞ்சம் சந்தேகமாகவும் இருந்தது.

நான் புனேயில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். அம்மா திருவாரூரில் தனியாக இருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஆனதும், போன வருடம் டிசம்பர், ஜனவரி இரண்டு மாதமும் அம்மாவோடு இருக்கலாம் என்று போனேன். மனைவி, பிள்ளைகளுக்கு விடுமுறை இல்லை, நான் மட்டும்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் என்ன செய்வதென்று தெரியவில்லை. தினமும் வடை, பாயசம், இரண்டு கறி. நான் சாப்பிட்டு முடிக்கிறவரை அம்மா பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பார். "நீயும் உட்காரும்மா" என்றால் கேட்கமாட்டார். பகலில் நான் லேப்டாப்போடு, அவர் அடுப்போடு. சாயங்காலம் அவர் சீரியலோடு, நான் போனோடு. பேசலாம் என்று உட்கார்ந்தால் "வேலையெல்லாம் எப்படிப் போகுது", "பரவாயில்லம்மா" என்பதோடு முடிந்துவிடும். நான்காவது வாரம் ஏதோ காரணம் சொல்லிக் கிளம்பிவிட்டேன். வாசலில் நின்ற அம்மாவின் முகத்தில் வருத்தம் இருந்தது. கொஞ்சம் நிம்மதியும் இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதிய சந்தோஷமெல்லாம் அங்கே இருக்கும்போதே வந்ததா, எழுத உட்கார்ந்தபோது வந்ததா? இன்னொன்று, இதெல்லாம் மகள்களுக்கு மட்டும் கிடைக்கிற சுகமா? இந்த மார்கழிக்கும் போவதாக இருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

---

அன்புள்ள நண்பருக்கு,

கோபமெல்லாம் இல்லை. சந்தேகம் நியாயமானதுதான். அதைவிட, அம்மாவின் முகத்தில் நிம்மதியும் இருந்ததோ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். நிச்சயம் இருந்திருக்கும். தினமும் வடை பாயசத்தோடு நான்கு வாரம் ஒருவர் தனியாளாக விருந்து நடத்தினால் நிம்மதி வராமல் என்ன செய்யும்? கல்யாண வீட்டில்கூட மூன்றாம் நாள் பந்தலைப் பிரித்துவிடுகிறார்கள்.

முதல் கேள்விக்கு நேர் பதில்: இருக்கும்போதே வந்த சந்தோஷம்தான். ஆனால் போனவுடனே வரவில்லை. திருநெல்வேலிப் பக்கம் அம்மா இருக்கிற அம்பாசமுத்திரத்துக்கு நான் போன புதிதில் எங்கள் வீட்டிலும் விருந்துதான் நடந்தது. ஒரு நாள் சொதியும் இஞ்சிப் பச்சடியும், மறுநாள் அவியலும் வடையும், அதற்கடுத்த நாள் மறுபடி தேங்காய் உடைபடும். சொதி என்றால் தேங்காயை அரைத்து மூன்று தடவை பால் பிழிய வேண்டும். எண்பதை நெருங்குகிற அம்மாவின் கை அதைச் செய்தால் மத்தியானம் முழுக்க வலிக்கும். வலிக்கிறது என்று வாயால் சொல்லமாட்டாள். சாப்பாட்டுக் கடை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். நான் பட்டாசல் கூடத்தில் உட்கார்ந்து, அம்மாவோடு இருக்க வந்தோமே, அம்மாவைக் காணோமே என்று விழித்துக்கொண்டிருப்பேன். உங்கள் நான்கு வாரமும் கிட்டத்தட்ட இப்படித்தான் போயிருக்கிறது.

எங்கள் வீட்டில் அது எப்போது மாறியது என்று தேதி சொல்ல முடியாது. ஒரு நாள் மத்தியானம் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் மட்டும் இருந்தன. "இன்னைக்கு ஒண்ணும் வைக்கலைட்டி, முடியலை" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திருநெல்வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொலியோடு உடைத்த கறுப்பு உளுந்தை லேசாக வறுத்து, அரிசி, தேங்காய்த் துருவல், பூண்டு, வெந்தயம் எல்லாம் சேர்த்து ஒரே பாத்திரத்தில் பொங்குவது அது. மேலே நல்லெண்ணெய் விட்டுக்கொள்ளலாம். வந்த அன்றைக்கே விருந்தாளிக்கு யாரும் அதை வைக்கமாட்டார்கள், வீட்டில் இருக்கிற ஆளுக்குத்தான் வைப்பார்கள். நின்று பரிமாற அதில் ஒன்றுமில்லை என்பதால் அம்மாவும் தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். நான் வந்து சேர்ந்ததே அன்றைக்குத்தான் என்பது என் கணக்கு.

அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் அவளுடைய நாள். இதை நன்றாகக் கவனியுங்கள். நாம் 'அம்மாவோடு நேரம் செலவழிக்க' என்று திட்டம் போட்டுக்கொண்டு போகிறோம். அவளுக்கு ஏற்கனவே ஒரு நாள் இருக்கிறது. விடிவதற்கு முன்னால் தொடங்கி ராத்திரி ஒன்பதரைக்கு முடிகிற, இண்டு இடுக்கில்லாத நாள். அதற்குள் அவளுக்கென்று ருசிகளும் பிடிவாதங்களும் எதிரிகளும் இருக்கிறார்கள். நாம் போய் இறங்கியதும் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, நமக்காக ஒரு விருந்து நாளை நடத்துகிறாள். அந்த நடிப்பு அவளுக்கும் அலுக்கும், நமக்கும் அலுக்கும். இரண்டு மாதம் அதைத் தாங்க முடியாது. அவளுடைய சொந்த நாள் திரும்பி வந்து, அதில் ஒரு ஓரத்தில் நமக்கு இடம் கிடைத்தால், அங்கேதான் நான் எழுதிய சின்னச் சின்ன சுகமெல்லாம் இருக்கிறது.

அந்த நாள் நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கியோடு தொடங்கும். முதலில் வெந்நீர். எங்கள் புறவாசலில் இன்னமும் ஒரு செங்கல் அடுப்பு இருக்கிறது. தென்னை மட்டையும் பாளையும் வைத்து எரித்து, ஒரு பெரிய செம்புப் பானையில் வெந்நீர் போடுவாள். குளியலறையில் ஹீட்டர் இருக்கிறது, அது எனக்கும் என் தம்பிக்கும் வாங்கிப் போட்டது, அவள் தொடுவதில்லை. அடுப்புக்கு முன்னால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து பாளையைத் தள்ளிவிடுகிற வேலை கொஞ்ச நாளில் எனக்கு வந்தது. வெளியே இருட்டு, முகத்தில் சூடு, முதுகில் பனி, கையில் கருப்பட்டிக் காப்பி. இதற்கு மேல் ஒரு காலையில் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

பனி, குளிர் என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். திருநெல்வேலிப் பக்கத்து மார்கழியில் விடிகாலை வெப்பம் 22 டிகிரி அளவில் இருக்கும். நான் வசிக்கிற பெங்களூரில் ஜனவரி அதிகாலை 15, 16 டிகிரிக்குப் போகும். ஆனாலும் அம்மா காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு, எனக்கும் ஒன்றை எடுத்து நீட்டுவாள். "பனி இறங்குது, காதைக் கட்டு" என்பாள். ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் நம்மைப் பார்த்துக் காதைக் கட்டு என்று சொல்வதற்கே ஆள் குறைந்துபோகிறது. நான் கட்டிக்கொண்டேன்.

தை பிறந்த பிறகும் அம்மா புலம்பிக்கொண்டிருந்தாள், "தை வந்தும் இருட்டு போகலையே" என்று. உத்தராயணம் வந்துவிட்டது, பகல் வளர்கிறது, இது வயசான பேச்சு என்று முதலில் நினைத்தேன். கணக்குப் பார்த்தால் அவள் சொல்வதுதான் சரி. எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு 8.7 டிகிரி வடக்கே இருக்கிறது. வருடத்தின் மிகக் குறுகிய பகல்கூட அங்கே 11 மணி 37 நிமிடத்துக்குக் குறையாது. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது டிசம்பர் 21 அன்று இல்லை, ஜனவரி கடைசி வாரத்தில்தான். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் டிசம்பர், ஜனவரியில் சூரியனுடைய நடுப்பகல் நம் கடிகாரத்தில் நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போகும். வடக்கே பகல் வேகமாக நீள்வதால் இது சீக்கிரமே தெரியாமல் போய்விடும். நம் பக்கத்தில் பகல் அவ்வளவு மெதுவாக நீள்வதால் பிந்துவதுதான் ஜெயிக்கிறது. வாசல் தெளிக்கிற ஒருத்திக்கு இது பஞ்சாங்கம் பார்க்காமலே தெரிந்திருக்கிறது. விளக்கிச் சொன்னேன். "அதைத்தானே நானும் சொல்லுதேன்" என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோலம் இப்போது சிறியதாகிவிட்டது, முட்டி மடங்குவதில்லை. ஆனால் பூசணிப்பூ வைப்பதை விடவில்லை. எங்கள் பக்கத்தில் மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணி உருண்டை பிடித்துப் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள். சாயங்காலம் அந்தப் பூவோடு சேர்த்தே சாணியைத் தட்டிச் சுவரில் காய வைப்பார்கள். அந்தச் சின்ன வறட்டிகளைச் சேர்த்துவைத்து, தையில் சிறுவீட்டுப் பொங்கல் கொண்டாடுவார்கள். பெண் குழந்தைகள் பொங்கல் அது. வீட்டுக்குள்ளே சிறுவீடு ஒன்றைக் கோலமாகப் போட்டோ, வாசலில் மண்ணால் கட்டியோ, அங்கே தனியாகப் பொங்கல் வைத்து, பிறகு பொங்கலையும் பூ வறட்டியையும் ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். எங்கள் வீட்டில் இப்போது பெண் குழந்தை கிடையாது. அடுத்த வீட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள். அவளுக்காக அம்மா தன் கொடியின் பூவில் பாதியை ஒதுக்குவாள். பாதிதான், முழுசும் இல்லை. ஒரு நாள் அந்தப் பெண் கேட்காமல் ஒரு பூவைக் கூடப் பறித்துவிட்டாள் என்று நாள் முழுக்க அவளோடு பேசவில்லை. எழுபது வயது வித்தியாசத்தில் இப்படி ஒரு சண்டையை நேரில் பார்க்க எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பயணம் செய்யலாம்.

இப்போது கிழங்கு. சிறுகிழங்கைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிதான் எழுதியிருந்தேன், அது போதாது. ஆடி, ஆவணியில் நட்டு மார்கழி, தையில் தோண்டுகிற கிழங்கு. விரல் நுனி அளவில் இருக்கும், சிலது கோலிக்குண்டு அளவுக்கு. மண்ணோடு வரும். பொங்கல் சமயத்தில் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துச் சந்தைகளில் குவித்துவைத்திருப்பார்கள். ருசி என்றால் உருளைக்கிழங்கெல்லாம் பக்கத்தில் வர முடியாது, ஒரு மண் வாசனையும் லேசான பிசுபிசுப்பும் உண்டு. ஆனால் தோலெடுப்பது பெரிய பாடு. அருவாமணையில் ஒவ்வொன்றாகச் சீவினால் அரைக் கிலோவுக்கே காலைப் பொழுது போய்விடும், கையெல்லாம் கறுத்துவிடும், அந்தக் கறை நாலு நாளைக்குப் போகாது.

அம்மாவின் வழி வேறு. கிழங்கைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்குப் பையில் கட்டி, துவைக்கிற கல்லில் அடிக்க வேண்டும். உரசி உரசி அடிக்க வேண்டும். பையைத் திறந்து தண்ணீரில் கொட்டினால் தோல் மிதக்கும், கிழங்கு அடியில் நிற்கும். ஒட்டியிருக்கிற மிச்சத்தை மட்டும் உட்கார்ந்து சுரண்டினால் போதும். அந்தச் சுரண்டல்தான் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சுகம் என்று இப்போது தோன்றுகிறது. புறவாசல் திண்ணையில் வெயில் ஏறிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு குத்துப்போணிப் பாத்திரம், இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, கிழங்கைப் பார்த்தால் போதும். உங்களுக்கு "வேலை எப்படிப் போகுது" என்பதோடு பேச்சு நின்றுபோகிறது என்று எழுதியிருந்தீர்களே, எதிரெதிரே சும்மா உட்கார்ந்து பேசச் சொன்னால் யாருக்குமே அப்படித்தான். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். அப்பா பெண் பார்க்க வந்த அன்று அவளுக்கு அவரைப் பிடிக்கவே இல்லை என்பதும், 1992 வெள்ளத்தில் முதலில் அவள் மச்சுக்குத் தூக்கியது நகைப் பெட்டியை இல்லை, புளிப்பானையை என்பதும் எனக்குக் கிழங்கு சுரண்டும்போதுதான் தெரிந்தது. ஐம்பது வருடமாக அதே வீட்டில் கேட்காத கதைகள்.

வெள்ளம் என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மாவிடம் மழையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி கரை மீறியதே, அதையும் 1992-ஐயும் ஒப்பிட்டு எது பெரிது என்று ஒரு மணி நேரம் வாதம் செய்வாள். எதிர்த்தரப்பு யாரும் தேவையில்லை.

சாயங்காலம் அவளுக்குச் சீரியல். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருந்தீர்கள். நானும் முதலில் புத்தகத்தோடு வீட்டு முன்பக்கத் தார்சாவுக்குப் போய்விடுவேன். பிறகு வந்து உட்கார்ந்தேன். கதைக்காக இல்லை. அம்மா தொலைக்காட்சியோடு பேசுவாள். "இவ இப்பம் கதவைத் திறப்பா பாரு, கூறுகெட்ட முண்டம்" என்பாள், அவள் திறப்பாள். ஒரு மாமியார் பாத்திரத்தின் மேல் அவளுக்கு இருக்கிற வன்மத்தைப் பார்த்து என் பாட்டியைப் பற்றி நான் நிறையத் தெரிந்துகொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள், "நல்லவாதான், பாவம்" என்று முடித்திருப்பாள். சீரியல் மட்டமானதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விளம்பர இடைவேளை உயர்தரமானது.

ஒரு நாள் வண்டி வைத்து கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போனேன். நாங்குநேரிப் பக்கம் இருக்கிற பறவைகள் சரணாலயம். குளத்தில் மட்டுமில்லை, ஊருக்குள் வீட்டு வாசல் மரங்களிலும் நாரைகள் கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்டமாட்டார்கள். குளிர்காலத்தில் மங்கோலியா வரைக்கும் உள்ள மத்திய ஆசியப் பகுதிகளிலிருந்து வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி அங்கே வருகின்றன. அதைச் சொன்னேன். அம்மா கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவ்வளவு தூரத்துலருந்து வருது, வந்தா நாலு மாசம் இருந்துட்டுத்தான் போகுது" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. திரும்பும் வழியில் தம்பிக்கு போன் போட்டு அதையே மறுபடி சொன்னாள்.

சண்டை வராதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். வந்தது. ஃபிரிட்ஜில் மூன்று நாள் பழைய குழம்பு, மெத்தைக்கு அடியில் பாலிதீன் பைகள், பிரஷர் மாத்திரையை 'இன்னைக்கு நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டுவிடுவது. நான் குழம்பைக் கொட்டினேன், அவள் ஒரு வேளை பேசவில்லை. மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, பைகள் இன்னும் மெத்தைக்கு அடியில்தான் இருக்கின்றன. அப்புறம், நீண்ட நாள் தங்கும்போது இரண்டு பேருக்கும் தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டும். காலை பத்தரையிலிருந்து ஒன்று வரை நான் மச்சுக்குப் போய் எழுதுவேன். அந்த நேரத்தில் அவள் தன் சிநேகிதிக்கு போன் செய்து என்னைப் பற்றி குறை சொல்வாள். மாடிப்படியில் நன்றாகவே கேட்கும். அந்தப் பேச்சு அவளுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்ததால் நான் சீக்கிரம் இறங்கிவந்ததே இல்லை.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. மகள்களுக்கு மட்டும்தானா? மகள்களுக்கு இது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான பெண் தாய்வீட்டில் ஒரு வாரம் இருந்தால் பாசம், மூன்று வாரம் இருந்தால் தெரு முழுக்கக் கேள்வி. "மாப்பிள்ளை வரலியா?" என்று முதலில் கேட்பார்கள். இரண்டாவது தடவை கேட்கும்போது குரல் தாழ்ந்திருக்கும். எங்கள் தெருவில் ஒரு சித்தி மூன்றாவது தடவையும் கேட்டாள். அம்மா சாக்கை உதறிக்கொண்டே, "அவ்வோளுக்குச் சமைக்கத் தெரியும், இவளுக்குத்தான் தெரியாது, அதான் இங்க கிடக்கா" என்றாள். அதோடு நின்றது. எனக்குச் சமைக்கத் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஆனால் நீங்கள் சொல்வதில் ஒன்று உண்மை. மகளை அடுக்களைக்குள் விடுவார்கள், மகனை விடமாட்டார்கள். மகன் என்றால் இலை போட்டு உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவர்களுக்குப் பழக்கம், உட்கார்ந்துவிட வேண்டும் என்று உங்களுக்கும் பழக்கம். என் தம்பி பொங்கலுக்கு வந்தான். மறுபடியும் சொதி, மறுபடியும் தேங்காய், அம்மா மறுபடி நின்றுகொண்டே பரிமாற ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் சந்தையிலிருந்து இரண்டு கிலோ சிறுகிழங்கு வாங்கிவந்து ஊறப்போட்டு, சாக்குப் பையை அவன் கையில் கொடுத்தேன். "அவனுக்கு எதுக்குட்டி, சட்டையெல்லாம் சேறாயிரும்" என்று அம்மா பதறினாள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு அடித்தான். அலுவலகத்தில் யார் மேலோ இருந்த கோபமும் அதில் சேர்ந்திருக்க வேண்டும், அப்படி ஒரு அடி. தோல் சுத்தமாகக் கழன்றுவிட்டது. அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு, எனக்கு இதுவரை கொடுக்காத ஒரு பாராட்டை அவனுக்குக் கொடுத்தாள். நியாயம் பார்த்தால் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். அதற்குள் மூன்று பேரும் குத்துப்போணியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம், அவன் மும்பைக்கு வேலைக்குப் போன முதல் வருடம் அனுப்பிய மணியார்டர் பற்றிப் பேச்சு வந்துவிட்டது.

அதனால் மகனா மகளா என்பதில்லை. சமைக்கத் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. வீட்டில் ஒரு வேலை உங்கள் பெயருக்கு வர வேண்டும், அது நிஜமான வேலையாக இருக்க வேண்டும். "ஏதாவது உதவட்டுமா" என்று கேட்டால் எந்த அம்மாவும் வேண்டாம் என்றுதான் சொல்வாள். கேட்காதீர்கள்.

உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி ஒன்று சொல்கிறேன். மார்கழித் திருவாதிரைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள். திருவாரூர்க் கோயில் தியாகராஜரின் பாத தரிசனம் வருடத்தில் இரண்டு நாள்தான், அதில் ஒன்று அன்றைக்கு, இன்னொன்று பங்குனி உத்திரத்தில். கோயில் உங்கள் விருப்பம். களியும் ஏழுகறிக் குழம்பும் உங்கள் வீட்டிலும் செய்வார்கள் என்று நினைக்கிறேன். முந்தின நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு காய்கறி வாங்க நீங்கள் போங்கள். அம்மாவிடம் பட்டியல் எழுதி வாங்காதீர்கள், வாய்வழியாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் நடுவில் இரண்டு காயை மறந்து கடையிலிருந்து போன் செய்வீர்கள். மொச்சை பிஞ்சா முற்றலா, பரங்கி எந்தப் பக்கத்துக் கீற்று, சேனையைக் கீறிப் பார்த்தாயா என்று அவர் கேட்பார். நீங்கள் கொண்டுவருவதில் பாதி சரியில்லை என்பார். சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாலே பாதி விருந்து முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொச்சையை நீங்களே உட்கார்ந்து உரியுங்கள். லேப்டாப்பை உள்ளே வைத்துவிட்டு, அவர் உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில்.

வடை போட்டால் ஒன்றோடு எழுந்துவிடுங்கள். மறுநாள் காலையில், அவர் அரைக்க உளுந்தை எடுப்பதற்கு முன்னாலேயே, "நேத்து வச்ச ரசம் இருக்கா?" என்று கேளுங்கள். முகம் கொஞ்சம் சுருங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும். அவர் தட்டோடு உட்காரும் வரைக்கும் திரும்பி வர டிக்கெட் போடாதீர்கள்.

அன்புடன்.